நடைக்கூடத்துச் சித்திரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி நாட்களில் ஒரு தேய்ந்த வீடியோ கேசட்டில் பார்த்த 'டீப் ரெட்' படத்தை, 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்ட ப்ளூரே தகட்டில் அண்மையில் மீண்டும் பார்த்தேன். மூன்று ஐயங்கள் எழுந்தன. படம் முழுவதும் பொடிமணல் தூவியதுபோல ஒரு சொரசொரப்பு இருக்கிறது. இதைத் துடைக்காமல் வேறு எதைத்தான் மீட்டெடுத்தார்கள்? ஆங்கில ஒலியைத் தேர்ந்தெடுத்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று இத்தாலிய மொழிக்குத் தாவுகிறார்கள்; இது தகட்டின் கோளாறா? கடைசியாக, கொலை நடந்த வீட்டின் நடைக்கூடத்தை நாயகன் கடக்கும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தால், முடிவில் வெளிப்படும் ரகசியம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. கேசட்டில் எனக்கு அது தெரிந்ததே இல்லை. இவ்வளவு தெளிவு ஒரு மர்மப் படத்துக்குக் கேடல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெண்டோ 1975இல் எடுத்த இந்தப் படத்தின் உயிர் அந்த நடைக்கூடத்தில்தான் இருக்கிறது. இன்னும் பார்க்காதவர்களை எண்ணி, ரகசியம் இன்னதென்று சொல்லாமலே பேச முயல்கிறேன்.

டேவிட் ஹெம்மிங்ஸ் நடித்திருக்கும் மார்க் என்ற பியானோ கலைஞன், டூரின் நகரில் படமாக்கப்பட்ட, ஆளரவமற்ற ஒரு சதுக்கத்தில் இரவில் நிற்கும்போது, மேல்மாடிச் சன்னலில் ஒரு பெண் கொல்லப்படுவதைக் காண்கிறான். (அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் ஒளிரும் மதுக்கடை, அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' என்ற 1942ஆம் ஆண்டு ஓவியத்தைப் பார்த்துப் படத்துக்காகவே கட்டப்பட்ட செட், அதன் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் இருக்கும் மனிதர்களை நல்ல பிரதியில் பார்த்தால்தான் அந்த வேடிக்கை புரியும்.) அவன் மாடிக்கு ஓடுகிறான், விநோத முகங்கள் தீட்டப்பட்ட சித்திரங்கள் தொங்கும் நடைக்கூடத்தைக் கடந்து அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்கிறான். பிறகு, தான் வரும்போது அங்கே இருந்த சித்திரங்களில் ஒன்று இப்போது இல்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. எஞ்சிய படம் முழுவதும் அந்த நினைவு அவனை அரித்துக்கொண்டே இருக்கிறது. அவன் கண்டதை, அவன் ஓடிய அதே வேகத்தில், காமிரா நமக்கும் காட்டிவிட்டது என்பதைக் கடைசியில்தான் அறிகிறோம்.

துப்பறியும் கதைக்கு ஒரு பழைய நேர்மை உண்டு. தடயம் வாசகர் கண்முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதை அவர் கவனிக்காமல் கடந்துபோகும்படி செய்வதே எழுதுகிறவரின் சாமர்த்தியம். அர்ஜெண்டோ அந்த நேர்மையைச் சொல்லில் அல்லாமல் பிம்பத்தில் கடைப்பிடித்தார். ஆகவே, அந்த முகங்கள் தெரியாத பிரதியில் நீங்கள் பார்த்தது விடையைக் கிழித்தெடுத்துவிட்ட ஒரு விடுகதை. கேசட்டின் மங்கல் மர்மத்தைக் காக்கவில்லை. இயக்குநர் உங்களோடு நேர்மையாக ஆடிய ஆட்டத்தைக் கள்ள ஆட்டமாக மாற்றிவிட்டது.

இதில் அளவுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தின் சட்டகம் உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலமானது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையோ 1.33 மடங்கு. பெட்டி நிறைய படம் தெரிய வேண்டும் என்று பக்கங்களைச் செதுக்கினால், படத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். எந்தப் பக்கம் போகட்டும் என்பதை முடிவுசெய்தவர் காணொளிக்கு மாற்றிய தொழில்நுட்பர். ஒரு சித்திர வரிசைக்குள் தடயத்தை வைத்த படத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, வீடியோ நாடாவில் சிவப்பு நிறம் தன் எல்லைக்குள் நிற்காது, பக்கத்து நிறத்தின்மேல் வழியும். பெயரிலேயே சிவப்பைக் கொண்ட ஒரு படத்துக்கு நேர்ந்த கதி இது.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். 1975இல் திரையரங்கில் அமர்ந்திருந்தவர் கையில் படத்தை நிறுத்தும் பொத்தான் இல்லை. அவர் பார்த்த பிரதி, காமிராவில் ஓடிய மூலச்சுருளான நெகட்டிவிலிருந்து ஒன்றிரண்டு தலைமுறை தள்ளி, நகலின் நகலாகப் பிறந்தது. இன்றைய தகடு நெகட்டிவையே நேராக ஸ்கேன் செய்து உருவானது. எனவே அன்று எவரும் கண்டிராத நுணுக்கங்களை நாம் காண்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் கூர்மை கூடியதால் அந்தக் காட்சி கெட்டுப்போவதில்லை, ஓடவிட்டுப் பார்த்தால் இன்றும் பெரும்பாலோர் ஏமாறவே செய்வார்கள். நான் அஞ்சுவது வெளிச்சத்தைக் கூட்டுவதைப் பற்றித்தான். நிழலாக விடப்பட்ட மூலையைப் பளிச்சென்று ஆக்குகிறவர்தான் இயக்குநரின் கையிலிருந்து சீட்டைப் பிடுங்குகிறார்.

இனி அந்தப் பொடிமணலுக்கு வருவோம். வழக்கமான 35 மி.மீ. படச்சுருளில் ஒவ்வொரு சட்டகமும் ஓரத்துளைகளில் நான்கின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். 1960இல் டெக்னிகலர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை கொண்டுவந்த டெக்னிஸ்கோப் முறையில் இரண்டு துளைகளின் உயரமே போதும். அகலத்திரைக்குரிய தனி லென்ஸ் இல்லாமலே அகலமான சட்டகம் கிடைத்துவிடும், படச்சுருள் செலவும் பாதியாகும். சிக்கனமாகப் படம் எடுத்த இத்தாலியர்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. 'டீப் ரெட்' எடுக்கப்பட்டதும் இம்முறையில்தான். பாதி அளவுச் சட்டகத்தைப் பெரிய திரைக்கு உருப்பெருக்கும்போது, நீங்கள் பொடிமணல் என்று சொன்ன படச்சுருளின் துகள்களும் சேர்ந்தே பெரிதாகும். அவை பிம்பத்தின்மேல் படிந்த தூசி அல்ல, பிம்பமே அவற்றால் ஆனது. கணினியால் அவற்றை வழித்தெடுத்தால் தோலின் துளைகளும் துணியின் இழைகளும் சுவரின் காரையும் கூடவே போய், முகங்கள் மெழுகு பொம்மையாகிவிடும். அப்படி மழமழவென்று வெளியிடப்பட்ட பழைய படங்கள் நிறைய உண்டு, அவற்றைச் சுத்தமானவை என்று பாராட்டியவர்களும் உண்டு. கீறல், கறை, நடுக்கம், வெளிறிய நிறம் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டுத் துகளைத் தொடாமல் விடுவதுதான் மீட்டெடுப்பு என்பது என் கருத்து.

மொழித் தாவல் கோளாறு இல்லை. இத்தாலியில் ஓடிய முழு வடிவம் ஏறத்தாழ 126 நிமிடம். வெளிநாடுகளுக்கான ஆங்கில வடிவத்தில் சுமார் 20 நிமிடங்கள் வெட்டப்பட்டன. மார்க்கும் தாரியா நிகொலோதி நடித்த பெண் நிருபரும் சீண்டிக்கொள்ளும் காட்சிகளே அதில் பெருமளவு போயின. வெட்டுப்பட்ட இடங்களுக்கு ஆங்கிலக் குரல் இல்லாததால், முழுப் படத்தை ஆங்கிலத்தில் ஓடவிட்டால் அங்கெல்லாம் இத்தாலியம் ஒலிக்கிறது. (ஏற்றுமதியில் இந்தப் படம் பட்ட பாடு தனிக்கதை. ஜப்பானில் இதை, அர்ஜெண்டோ எடுத்து இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'சஸ்பிரியா'வின் இரண்டாம் பாகம் என்று பெயர் சூட்டி வெளியிட்டார்கள்.) அக்கால இத்தாலியப் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பின்னரே குரல் பதியப்பட்டவை என்பதால், இத்தாலிய ஒலிதான் அசல் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஹெம்மிங்ஸின் சொந்தக் குரல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் முழு வடிவத்தை நான் இத்தாலிய ஒலியிலேயே பார்க்கிறேன். அந்தச் சீண்டல் காட்சிகள் இல்லாத படம் வெறும் கொலைகளின் வரிசையாகிவிடுகிறது.

பழைய படங்களைத் தகடுகளாக வெளியிடும் ஆரோ நிறுவனம் நெகட்டிவிலிருந்து செய்த 4கே மீட்டெடுப்பு 2016இல் ப்ளூரேயாகவும் 2021இல் 4கே அல்ட்ரா எச்டி தகடாகவும் வந்தது. உங்களிடம் இருப்பது எதுவானாலும், தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்புகளில் இரைச்சல் நீக்கம், அசைவு மென்மை, கூடுதல் பளிச்சென்ற நிறம் ஆகிய மூன்றையும் அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். கூடவே, இந்தப் படத்தைப் பார்த்திராத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொலை இயக்கியை அவர் கையில் கொடுக்காமல், நடைக்கூடக் காட்சி வரும்போது திரையை விட்டுவிட்டு அவருடைய முகத்தைக் கவனியுங்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாரா என்பதை எனக்கு எழுதுங்கள்.