படம் வந்துச்சா?

அன்புள்ள அண்ணா,

கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாகக் காட்டுயிர்ப் படம் எடுக்கப் பழகிவருகிறேன். சென்ற மாதம் ஒரு புகைப்படச் சுற்றுலாக் குழுவோடு தட்டேக்காடு, மூணாறு, சின்னாறு என்று நான்கு நாள் போய்வந்தேன். ராஜமலை குட்டி ஈனும் காலம் என்று மூடிவிட்டார்கள், வரையாடு கிடைக்கவில்லை. சின்னாறில் இரண்டு மணி நேரம் நின்றும் நரை அணில் கிடைக்கவில்லை. தட்டேக்காட்டில் ஒரு தவளைவாயன் பறவை ஜோடி கிடைத்தது. எட்டுப் பேரும் ஃபிளாஷ் போட்டு எடுத்தோம், அவை அசையக்கூட இல்லை.

நிலக்காட்சிகள்தான் நன்றாக வந்தன. தகரக் கூரைகள் தெரியாமல் கோணம் பிடிக்கக் குழுத் தலைவர் கற்றுக்கொடுத்தார். மலையின் அளவு தெரிய ஒரு மனித உருவம் வேண்டும் என்று, கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவை 50 ரூபாய் கொடுத்து நிற்கச் சொன்னார். அந்தப் படத்தை இணைத்திருக்கிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் அந்த அம்மா கடைசிவரை சிரிக்கவில்லை. அது ஏனோ உறுத்துகிறது. அடுத்த வருடம் எந்த மாதம் போகலாம்? 600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா? இப்படிக் குழுவாகப் போவது சரிதானா?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி,

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் அனுப்பிய படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு நாளாக வேறு வேலை ஓடவில்லை.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வாங்க வேண்டாம். ராஜமலையில் வரையாடு தார்ச்சாலை ஓரத்திலேயே வந்து படுத்துக் கிடக்கும், கையில் இருப்பது போதும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடுவது வருடாவருடம் நடப்பது. தெரிந்தே உங்களைக் கூட்டிப்போனவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வனத்துறையைக் குறை சொல்லாதீர்கள். ராஜமலை இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்கா மொத்தமே 97 சதுர கிலோமீட்டர். நம் மேற்குமலையை விட்டால் உலகத்தில் எங்கும் இல்லாத ஆடு, எண்ணிக்கை 3,000 தேறாது. அது குட்டி போடுகிற இரண்டு மாதம் நாம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்? மழை ஓய்ந்து வானம் தெளிகிற டிசம்பரில் போங்கள். நீலக்குறிஞ்சி வேண்டுமென்றால் 2018க்கு அடுத்தது 2030, அதுவரை பொறுக்க வேண்டியதுதான்.

சின்னாறு விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூணாறிலிருந்து மறையூர் இறங்குகிற நாற்பது கிலோமீட்டருக்குள் சோலை முடிந்து சந்தனக்காடு வந்துவிடுகிறது, இன்னும் கொஞ்சம் இறங்கினால் முள்காடு. மலை மழையை மறித்துவிடுவதால் ஒரே மலையின் இரண்டு பக்கமும் இரண்டு தேசம் மாதிரி இருக்கும். நரை அணில் அந்த வறண்ட காட்டில் ஆற்றோர மரங்களை நம்பித்தான் பிழைக்கிறது. கிளையோடு கிளை கோத்திருக்கிற இடத்தை விட்டு அது இறங்காது. பாம்பாற்றங்கரையில் ஒரு மருதமரத்தடியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் அணில் வரவில்லை என்று எனக்கு எழுதலாம். இரண்டு மணி நேரத்தை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

அப்புறம் அந்தத் தவளைவாயன். அசையக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ராத்திரிப் பறவை தம்பி. பகலில் காய்ந்த இலைக்கொத்து மாதிரி கிளையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அசையாமல் இருப்பதுதான் அதற்கு இருக்கிற ஒரே தற்காப்பு. அசைந்தால் கழுகோ பருந்தோ பார்த்துவிடும். முகத்துக்கு நேரே எட்டு ஃபிளாஷ் வெட்டும்போது அது உங்களுக்காக அமைதியாக இருக்கவில்லை, பயந்து உறைந்து போயிருக்கிறது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திருப்தியோடு திரும்பி வந்திருக்கிறீர்கள். இனி எந்தப் பறவைக்கும் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது அந்த அம்மா.

அவர் ஏன் சிரிக்க வேண்டும்? தோட்டத்தில் கொழுந்துக்கு எடை உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு, அதற்குமேல் எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. எட்டுப் பேர் கோணம் மாற்றி மாற்றி எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த நேரம் அவர் சாக்கில் விழவில்லை. சிரிக்கவும் சேர்த்துத்தான் 50 ரூபாய் கொடுத்தோம் என்று நினைக்கிறீர்களா? இதே பெண்கள் 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே நெருங்க விடாமல், மூணாறு சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கியவர்கள். அவர்களில் ஒருவரை மலைக்கு அளவுகோலாக நிறுத்தியிருக்கிறீர்கள்.

படம் அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே வலது பக்கத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறி மூடுபனிக்குள் போகிற கோடுகள் கண்ணை அப்படியே இழுத்துக்கொண்டு போகின்றன. அந்தக் கோடுகள் என்ன என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? செடிக்கும் செடிக்கும் நடுவில் கொழுந்து எடுப்பவர்கள் நடக்கிற தடம் அது. தேயிலை மரமாக வளரக்கூடியது. சில வருடத்துக்கு ஒருமுறை கவாத்து பண்ணி, ஓயாமல் கொழுந்து கிள்ளி, அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீங்கள் பச்சைக் கம்பளம் என்று தலைப்பு வைத்திருப்பது நான்கைந்து தலைமுறைக் கை வெட்டிய வெட்டு. அந்தத் தடத்தில் என் அம்மா முப்பத்தொரு வருடம் நடந்தாள்.

நான் மூணாறில் குண்டளைப் பக்கம் ஒரு எஸ்டேட் டிவிஷனில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். நீங்கள் படத்தில் வராமல் ஒதுக்கப் பழகிக்கொண்ட தகரக் கூரைக்குக் கீழே. முன்னால் ஒரு திண்ணை, ஒரு அறை, பின்னால் புகை படிந்த அடுப்படி. வரிசையாக எட்டு வீடு, மூன்றாவது எங்களுடையது. ராஜமலையைத் தாண்டி அதே சாலையில் உள்ளே போனால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து அங்கே இருந்த லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். ராஜமலைப் பூங்காவுக்கு வண்டி ஓட்டியவர்களும் அவர்களில் உண்டு. மீட்ட உடல்களை ராஜமலையிலேயே புதைத்தார்கள். வரையாடு பார்க்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கூரைகளை ஒதுக்கிவிட்டுக் கோணம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் உங்களுக்குப் பொய்யான மலையைக் காட்டியிருக்கிறார். காசு கொடுத்து நீங்கள் அதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

1984 என்று நினைக்கிறேன், நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூட லீவு, அம்மாவோடு மலைக்குப் போயிருந்தேன். சாலை வளைவில் ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. கழுத்தில் இரண்டு கேமராவோடு ஒருவர் இறங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் அம்மா தலையில் சாக்குக் கொங்காணி போட்டிருந்தாள். அதை எடுக்கச் சொன்னார். முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொன்னார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தைக் கிள்ளி விரல் நுனியில் பிடிக்கச் சொன்னார். அம்மாவின் விரல்களில் கறை ஏறிக் கறுத்திருக்கும். அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பிடித்தாள். மேலேயிருந்து கங்காணி சத்தம் போட்டார். மழைத்துளி அவள் இமையில் நின்றது. அவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

முடித்ததும் ஒரு சின்ன நோட்டை நீட்டி, விலாசம் எழுதித் தாருங்கள், படம் அனுப்புகிறேன் என்றார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, என்னுடைய நல்ல கையெழுத்தில், தமிழில்: அம்மா பெயர், செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அவள் நம்பர், லயம் நம்பர், டிவிஷன், மூணாறு. அவர் பார்த்துவிட்டு நல்ல கையெழுத்து என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டாள், தன்னைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள், வரப்போகிறது என்று. எந்த இடத்தில் மாட்டுவது என்று சுவரில் ஒரு ஆணிகூட அடித்தாள். மூணாறு போய் எஸ்டேட்டுக்குத் தபால் வாங்கிவருகிறவரை எதிரில் பார்க்கிற நாளெல்லாம் நின்று கேட்பாள்: "எனக்குப் படம் வந்துச்சா?" அவர் இல்லம்மா என்பார். அடுத்த தீபாவளிவரை கேட்டாள். அப்புறம் விட்டுவிட்டாள். அந்த ஆணியில் காலண்டர் தொங்கியது.

எனக்கு மட்டும் அது விடவில்லை. பின்கோடு என்று ஒன்று இருப்பதை ஆறாம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். நான் அதை எழுதவில்லையே! அதுவும் தமிழில் எழுதியிருக்கிறேன், கேரளத்துத் தபாலாபீசில் யாருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்? என்னால்தான் அம்மாவின் படம் வழியில் எங்கேயோ கிடக்கிறது என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அனுப்பவே இல்லை என்கிற எண்ணம் கல்லூரிக்குப் போன பிறகுதான் வந்தது. ஒன்பது வயசுப் பையன் ஒருவன் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வளர்ந்தது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கேட்டு வாங்கிய விலாசம் அவர் நோட்டில் இருந்தது.

வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அம்மா எங்களோடு போடிக்கு வந்தாள், 2011இல் போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் தேடினோம். வாக்காளர் அட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த நகமளவு படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். பாதி கண் மூடியிருக்கிறது, நெற்றியில் அட்டையின் முத்திரை கோடாக ஓடுகிறது. மேசைமேல் இருப்பது அதுதான். அம்மா இளமையில் எப்படி இருந்தாள் என்று என் மகள் கேட்கிறாள். இமையில் மழைத்துளியோடு, கொழுந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகம் எனக்கு மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு ஆல்பத்தில், 'டீ பிளக்கர், மூணாறு' என்ற பெயரில் அவள் இருக்கலாம்.

உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உங்களோடு வந்த மற்ற ஏழு பேருக்கு உறுத்தியிருக்காது. நீங்கள் நல்ல பிள்ளை. ஆனால் உறுத்தலை எனக்கு எழுதி அனுப்பிவிட்டு லென்ஸ் வாங்கப் போய்விடாதீர்கள்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போடுங்கள். எட்டுக்குப் பத்து அளவில், நல்ல தாளில், இரண்டு பிரதி. கூடவே முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று. பெயர் கேட்கவில்லையே, யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்வீர்கள். உங்கள் படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். செடிக்கு நடுவில் வெள்ளையடித்த கல் ஒன்று நிற்கிறது. அதில் கறுப்பில் 14 என்று இருக்கிறது, ஃபீல்டு நம்பர். எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினீர்கள் என்பது உங்கள் போனில் இருக்கும், தேதியும் நேரமும் படத்திலேயே இருக்கும். அன்றைக்கு அந்த ஃபீல்டில் யார் யார் கொழுந்து எடுத்தார்கள், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ என்று செக்ரோலில் பதிந்திருப்பார்கள். எஸ்டேட் ஆபீசில் கேட்டால் ஒரு நாளில் தெரிந்துவிடும். ஆபீசுக்குக்கூடப் போக வேண்டாம். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நின்று படத்தைக் காட்டினால் பத்து அக்காமார் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள்.

நேரில் போவது நல்லது. இந்த முறை கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த வருடச் சுற்றுலாவுக்கு எடுத்துவைத்திருக்கிற பணத்தில் பஸ் டிக்கெட் என்ன பெரிய செலவு? உடுமலைப்பேட்டையில் ஏறினால் சின்னாறு, மறையூர் வழியாக மத்தியானத்துக்குள் மூணாறு. முடியவே இல்லையென்றால் தபாலில் அனுப்புங்கள். மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வையுங்கள். மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறை போடுங்கள். விலாசத்தை மலையாளத்திலும் தமிழிலும் எழுதுங்கள். பின்கோடு 685612.