புகையிலை பைப்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

வயது 49. சிகரெட் பழக்கம் இருந்ததில்லை. கணவரின் தாத்தா வைத்திருந்த பழைய பிரையர் (ஒரு வகைப் புதரின் வேர்க்கட்டை) பைப்பைப் பொழுதுபோக்காகப் பிடிக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நாக்கு எரிகிறது. உள்ளே தண்ணீர் களகளக்கிறது. அடிக்கடி அணைந்தும் விடுகிறது. ஏன்?
– வாசகி, கோவை

மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஈரம்தான். ஈரப் புகையிலை அணையும். அணையக்கூடாதென்று வேகமாக இழுப்பீர்கள். சூடான நீராவி நாக்கைச் சுடும். அதே ஆவி தண்டுக்குள் குளிர்ந்து நீராகிக் களகளக்கும். ஒரு தடவைக்கு வேண்டிய இரண்டு கிராமை மட்டும் காகிதத்தில் உதிர்த்து 20, 30 நிமிடம் ஆறவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம். விரல்களால் அமுக்கி விடுவித்தால் உருண்டையாக நிற்காமல் பிரிய வேண்டும். நொறுங்கினால் மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டது.

அடுத்து, புகையிலையை பைப்பின் கிண்ணத்தில் மூன்று பிடியாக நிரப்புங்கள். 'முதல் பிடியைக் குழந்தைக் கையால் அழுத்து, அடுத்ததைப் பெண் கையால், கடைசியை ஆண் கையால்' என்பது பைப்காரர்களின் பழைய பாடம். மூன்றையும் ஒரு பெண் கையே தாராளமாகச் செய்யும். பற்றவைக்குமுன் இழுத்துப் பாருங்கள்: ஸ்ட்ராவில் உறிஞ்சும் அளவு தடை போதும்.

தீக்குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்தபின் பற்றவையுங்கள். மேல் இலை பொங்கி எழும். மெதுவாக அமுக்கி மறுபடி பற்றவையுங்கள். கிண்ணம் கன்னத்தில் வைக்க முடியாதபடி சுட்டால் அணையவிடுங்கள். திரும்பப் பற்றவைப்பது குற்றமில்லை.

களகளத்தால் பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) வாய்ப்பக்கமாக நுழைத்து ஈரத்தை எடுங்கள். சூட்டோடு தண்டைக் கழற்றவே கூடாது; பொருத்துமிடம் தளரும் அல்லது கழுத்து விரிசல் விடும். ஒரு முறை பிடித்தால் பைப்புக்கு 24 மணி நேரம் ஓய்வு.

தாத்தா பைப் என்பதால் கிண்ணத்துக்குள் கரி தடித்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் சூட்டில் கரி ஒரு அளவும் மரம் வேறு அளவுமாக விரிந்து கிண்ணம் பிளக்கும். சுரண்ட ரீமர் என்ற கருவி கிடைக்கும், கூர்க்கத்தி வேண்டாம்.

புகையை உள்ளே இழுப்பதில்லை. அப்படியென்றால் கெடுதல் இல்லைதானே?
– அதே வாசகி

இருக்கிறது. பைப் புகை பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. நிக்கோடின் வாயின் உட்தோல் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். புதியவர்களுக்கு விக்கல், குமட்டல், குளிர்ந்த வியர்வை வருவது அதனால்தான். வந்தால் உடனே நிறுத்தி உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றில் பிடித்தால் இன்னும் மோசம்.

உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் என எல்லா இடத்துப் புற்றுநோய்க்கும் பைப் வழி வைக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு எப்படியும் தேயும்; புகையிலை அதைத் துரிதப்படுத்தும். வாய்ப்புண் இரண்டு வாரம் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. நீங்கள் கேட்காவிட்டாலும் எங்கள் கருத்து: மூன்று வாரத்தில் விடுவது எளிது, மூன்று வருடத்தில் அல்ல. பழைய பைப்பைச் சுரண்டி, மெருகேற்றி அலமாரியில் வைப்பதே தனிப் பொழுதுபோக்கு.

புதிதாக ஒன்று வாங்கினால் எது?
– வாசகி, சென்னை

சோளக்கட்டை பைப். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து வாஷிங்டன் ஊரில் 1869 முதல் செய்கிறார்கள். மலிவு; பழக்கப்படுத்தத் தேவையில்லை; சீக்கிரம் உலரும். ஒரே குறை: மரத்தண்டின் முனை கிண்ணத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசித் துகள்வரை பிடித்தால் அதுவும் கருகிக் கசக்கும்.