சுபம் என்று முடியும் காதல் – கடிதம்

வணக்கம்.

நீங்கள் போன மாதம் போட்ட வாசிப்புப் பட்டியலில் கேசி மெக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' இருந்தது. அதே நாவலை என் தங்கை மகளும் "படிங்க பெரியம்மா" என்று கொடுத்திருந்தாள். படித்தேன், கீழே வைக்க முடியவில்லை. ஆனால் முடித்த பிறகு ஒரு உறுத்தல். அமெரிக்க அதிபரின் மகனும் இங்கிலாந்து இளவரசனும் காதலிக்கிறார்கள், எதிர்ப்பு வருகிறது, கடைசியில் சுபம். வேலைக்குப் போன காலத்தில் பஸ்ஸில் படித்துத் தள்ளிய மாத நாவல்களுக்கும் இதற்கும் இரண்டு பேரும் ஆண்கள் என்பதைத் தவிர என்ன வித்தியாசம்? தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் வாழ்க்கையில் இவ்வளவு வலி இருக்கும்போது அரண்மனை, விருந்து, சுபம் என்று எழுதுவது அந்த வலியைப் பூசி மெழுகுவது ஆகாதா? இதில் நீங்கள் என்ன கண்டீர்கள்? படமும் வந்திருக்கிறதாமே, பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கீழே வைக்க முடியவில்லை என்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடலாம். இந்த வகைக் காதல் நாவலின் முடிவு அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சேர்வார்களா மாட்டார்களா என்ற பதைப்பே இல்லாமல் 400 பக்கம் ஒருவரை உட்கார வைக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில் உயிர் இருக்க வேண்டும், மெக்விஸ்டனுக்கு அது கைவந்திருக்கிறது.

அந்த வான்கோழிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி நவிலும் நாளை ஒட்டி வெள்ளை மாளிகையில் அதிபர் வான்கோழிகளுக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிற சடங்கு ஒன்று உண்டு. அதுவரை அவற்றை ஹோட்டலில் தங்க வைப்பது வரிப்பணத்துக்குக் கேடு என்று அதிபரின் மகன் அலெக்ஸ் வாயைக் கொடுக்கப் போய், இரண்டு வான்கோழிகளும் கூண்டோடு அவன் படுக்கையறைக்கே வந்துவிடுகின்றன. நடுராத்திரி, அவை அவனையே முறைத்துக்கொண்டிருக்கின்றன, தூக்கம் வரவில்லை, யாருக்குப் போன் போடுவது? அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற, தனக்கு ஆகவே ஆகாது என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்த இளவரசன் ஹென்றிக்கு. ஹென்றி நம்பவில்லை. இவன் போனைக் கூண்டுப் பக்கம் நீட்டி வான்கோழி கத்துவதைக் கேட்க வைக்கிறான். காதல் என்ற பேச்சே அந்தப் பக்கங்களில் இல்லை, ஆனால் ராத்திரியில் பயந்துபோனால் கை யாருடைய நம்பரைத் தேடுகிறது என்பதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கதை முழுக்க அலெக்ஸின் பார்வையிலேயே போகிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஹென்றியின் மனசுக்குள் நாம் போவதே இல்லை. அவன் எப்போது பேச்சை நிறுத்துகிறான், எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று அலெக்ஸ் பார்த்துச் சொல்வதுதான் நமக்குக் கிடைக்கிறது, அதை வைத்தே அலெக்ஸுக்குப் புரிவதற்கு முன்னால் நமக்குப் புரிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் அக்கா ஜூனின் பத்திரிகையில் இளவரசன் படம் இருந்த பக்கத்தை அடிக்கடி புரட்டிப் பார்த்தவன் அலெக்ஸ். அது என்னவென்று தனக்கே தெரியாமல் வளர்ந்திருக்கிறான். புத்தாண்டு இரவில், பனி கொட்டுகிற தோட்டத்தில் ஹென்றி முத்தமிட்ட பிறகுதான் தனக்கு ஆண்கள் மேலும் ஈர்ப்பு உண்டு என்று அவன் யோசிக்கவே தொடங்குகிறான். பழைய நினைவுகளை எல்லாம் எடுத்துவைத்து, இதற்கு இதுவா அர்த்தம், அதற்கு அதுவா அர்த்தம் என்று அவன் கணக்குப் போடும் அந்த அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. இருபாலீர்ப்பு உள்ளவர்கள் தங்களைத் தாங்களே கண்டுகொள்ளும் விதத்தை இத்தனை இயல்பாக எழுதியவர்கள் அதிகம் பேர் இல்லை.

சரி, மாத நாவல் விஷயத்துக்கு வருகிறேன். அவற்றை நான் தாழ்வாக நினைக்கவில்லை, நானும் நிறையப் படித்தவன்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் நாயகனுக்குத் திமிரும் நாயகிக்குப் பொறுமையும் எழுதி வைத்த மாதிரி இருக்கும். யார் கோபப்படலாம், யார் அழ வேண்டும், யார் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே முடிவாகியிருக்கும். இரண்டு ஆண்கள் காதலிக்கும்போது அந்தப் பாத்திரப் பங்கீடு செல்லுபடியாகாது. அலெக்ஸும் ஹென்றியும் சரிக்குச் சரி வாயாடுகிறார்கள், மாறி மாறி உடைந்துபோகிறார்கள், மாறி மாறித் தேற்றிக்கொள்கிறார்கள். யாரும் யாருக்காகவும் சின்னவர் ஆக வேண்டியதில்லை. இந்த வகை நாவல்களைப் பெண்கள் இவ்வளவு ஆசையாகப் படிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன். உங்களால் கீழே வைக்க முடியாமல் போனதிலும் இதற்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

இனி, சுபம் வலியைப் பூசி மெழுகுகிறது என்ற உங்கள் கேள்வி. இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1952ல் அமெரிக்காவில் மேரிஜேன் மீக்கர் என்பவர் வின் பேக்கர் என்ற புனைபெயரில் இரண்டு கல்லூரிப் பெண்களின் காதலை 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற மலிவுப் பதிப்பு நாவலாக எழுதினார். முடிவு சந்தோஷமாக இருக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். புத்தகங்கள் தபாலில் போகும், இந்தக் காதலை நல்லது என்று காட்டுகிறார்கள் என்று தபால் அதிகாரிகள் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம். ஆக, ஒருத்திக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி தான் காதலிக்கவே இல்லை என்று உணர வேண்டும். அதே வருடம் பட்ரீஷியா ஹைஸ்மித் இரண்டு பெண்களைச் சேர்ந்து வாழ்வதற்கான நம்பிக்கையோடு விட்டு ஒரு நாவலை முடித்தார், அதற்கு அவருக்குப் புனைபெயர் தேவைப்பட்டது, சொந்தப் பெயரில் அது வந்தது 1990ல்தான். இ.எம். ஃபார்ஸ்டர் இன்னும் பரிதாபம். 'மாரிஸ்' நாவலை 1913-14லேயே எழுதி, இரண்டு ஆண்களும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று உறுதியாக இருந்து, அதனாலேயே பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய இங்கிலாந்துச் சட்டம் 1967ல் மாறியது. அவர் 1970ல் இறந்தார். நாவல் 1971ல் வெளிவந்தது.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் வலியை எழுத யாரும் பெரிதாகத் தடை போடவில்லை, எஸ். தற்கொலை, பைத்தியம், கொலை, தனிமை, எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டார்கள். பறிமுதல் செய்வோம் என்று மிரட்டியது சந்தோஷத்தைத்தான். அந்த வரலாறு தெரிந்தால் 2019ல் ஒருவர் அரண்மனை, விருந்து, கீழே விழுந்து சிதறும் கல்யாண கேக் என்று ஒரு குறையும் வைக்காமல் எழுதி, கடைசியில் இரண்டு பையன்களையும் கைகோத்து வெளியே நடக்க விட்டதை லேசான காரியமாக நினைக்கத் தோன்றாது. அப்புறம், இதில் வலி இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்பாவை இழந்த வீட்டில் ஹென்றி வாய் திறக்க ஆளில்லாமல் இருக்கிறான். இருவரும் எழுதிய மின்னஞ்சல்களைத் திருடி உலகத்துக்கு முன்னால் கொட்டிவிடுகிறார்கள். தங்களைப் பற்றித் தாங்கள் சொல்ல வேண்டியதை வேறு யாரோ சொல்லிவிடுகிற அந்தக் கொடுமை எத்தனையோ பேருக்கு நிஜத்தில் நடந்தது, இன்னும் நடக்கிறது.

அந்த மின்னஞ்சல்களின் கடைசியில் பழைய காலத்துக் கடிதங்களிலிருந்து ஒன்றிரண்டு வரிகளை இருவரும் எழுதி அனுப்புவார்களே, அவற்றைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் தன் நண்பன் லாரன்ஸுக்கு எழுதியது, எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் இன்னொரு எழுத்தாளரான வர்ஜீனியா வுல்ஃபுக்கு எழுதியது, சிற்பி மைக்கேலாஞ்சலோ கவாலியேரி என்ற இளைஞனுக்கு எழுதியது. ஹாமில்டனின் கடிதங்களில் சில வரிகளைப் பின்னால் யாரோ அடித்து மறைத்திருக்கிறார்கள். மைக்கேலாஞ்சலோவின் கவிதைகளை 1623ல் அச்சுக்குக் கொண்டுவந்த அவருடைய தம்பியின் பேரன் 'அவன்' என்று இருந்ததையெல்லாம் 'அவள்' ஆக்கிவிட்டார். இப்படிக் குடும்ப மானத்துக்காக அடித்துத் திருத்திய காகிதங்களைத்தான் இந்த இரண்டு இளைஞர்களும் ராத்திரி ராத்திரியாகத் தேடிப் படித்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். நமக்கு முன்னாலும் இப்படி இருந்திருக்கிறார்கள் என்று அவர்கள் தெரிந்துகொள்ளும் இடங்கள் அவை. எனக்கு நாவலின் உச்சம் அங்கேதான் இருக்கிறது, அரண்மனையில் இல்லை.

குறைகளும் உண்டு. தேர்தல் பகுதி ஆசைக் கனவு. எதிர்க்கட்சியின் கோட்டையான டெக்ஸாஸ் கைகொடுத்து அதிபரான அலெக்ஸின் அம்மா மறுபடி ஜெயிப்பதை நம்புவதற்கு ரொம்பவே நல்ல மனசு வேண்டும். இந்தக் கதை மெக்விஸ்டனுக்கு 2016 தொடக்கத்தில் தோன்றியதாம், அந்த வருட நவம்பர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்த முடிவு வந்ததும் கிட்டத்தட்டக் கைவிட்டே விட்டாராம். அது தெரிந்த பிறகு அந்தக் கனவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இருந்தாலும் நாவலாக அந்த இடம் பலவீனம்தான். ராணியும் மூத்த இளவரசன் பிலிப்பும் எதிர்ப்பதற்கென்றே வந்து நிற்பவர்கள், ஆட்களாக உருவாகவில்லை.

படம் 2023ல் பிரைம் வீடியோவில் வந்தது, மேத்யூ லோபஸ் இயக்கியது. தாராளமாகப் பாருங்கள், நடித்த இருவருக்கும் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. அக்கா ஜூன் படத்தில் இல்லவே இல்லை என்பதும், புத்தகத்தில் விவாகரத்தான அலெக்ஸின் அம்மா அப்பா படத்தில் சேர்ந்தே வாழ்கிறார்கள் என்பதும் உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். அந்த இரண்டும் போனதில் அலெக்ஸின் வீடு சற்று வெறிச்சென்று ஆகிவிட்டது என்பது என் எண்ணம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.