துளசிக்குக் காலை வெயில்

அன்புள்ள ஐயா,

டெல்லிக்கு வந்து மூன்று வருடம். ஒவ்வொரு டிசம்பரிலும் பால்கனித் துளசி வெளுத்துப் பட்டுப்போகிறது. இந்த முறை மனசு கேட்காமல், தினமும் விடிந்ததும் வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். இன்னும் சீக்கிரம் போய்விட்டது. குளிரில் இலைச் செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் பசுங்கணிகம் செத்துவிடுமா? என்ன உரம் போடலாம்? பக்கத்து வீட்டில் கண் திருஷ்டி என்கிறார்கள். பாவம், ஓடி ஒளியக்கூட முடியாத ஜீவன்.
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உரம் வேண்டாம். திருஷ்டியை விடுங்கள். ‘விடிந்ததும் வெயிலில் வைத்தேன்’ என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை. பனிக்காலத்தில் அப்பா மாலையானதும் நாற்றுகள் மேல் காய்ந்த புல்லைப் பரப்பிவிடுவார். காலையில் வெயில் நன்றாக ஏறும்வரை எடுக்க மாட்டார். ஒரு ஜனவரியில் அவர் ஊரில் இல்லாத அன்று, நாற்றெல்லாம் நடுங்குவதாக எனக்குத் தோன்றியது. விடிந்ததும் புல்லை வாரிப் போட்டு வெயில் காட்டினேன். மூன்றாம் நாள் இலைகள் வெளுத்து, ஓரம் கருகிக் கிடந்தன. அப்பா திட்டவில்லை. ஒரு இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

காரணம் புரிய வருஷங்கள் ஆயின. பச்சையம் எந்தக் குளிரிலும் ஒளியைப் பிடித்துவிடும். பிடித்ததைச் சர்க்கரையாக்கும் நொதிகள்தான் மந்தமாகும். செலவாகாத ஆற்றல் ஆக்சிஜன் மேல் பாயும். அந்த ஆக்சிஜன் ஒளியைக் கையாளும் புரதங்களையே அரிக்கும். மற்ற நாட்களில் செடி அவற்றை உடனுக்குடன் பழுதுபார்த்துக்கொள்ளும். குளிரில் அந்த வேலையும் தளர்ந்துவிடும். செல்லுக்குள் முதலில் அடிபடுவது பசுங்கணிகம். அது வீங்கும். உள்ளே அப்பளக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும் தைலகாய்டுகள், அதாவது பச்சையம் பதிந்த சவ்வுப் பைகள், உப்பும். இருட்டில் இந்தச் சேதம் குறைவு, வெளிச்சத்தில் அதிகம். மறுபடியும் சொல்கிறேன்: குளிர்ந்த இலைக்குக் கடும் வெளிச்சம் ஆகாது. நீங்கள் அன்பாகச் செய்ததுதான் அதை வாட்டியது, நான் செய்த மாதிரியே.

அப்புறம், ‘ஓடி ஒளிய முடியாத ஜீவன்’. பசுங்கணிகம் என்ற சொல் தெரிந்த நீங்கள் இப்படி எழுதலாமா? வெளிச்சம் கடுமையானால் பசுங்கணிகங்கள் நகர்ந்து செல்லின் பக்கச் சுவரோரம் ஒதுங்கி நிற்கும். சில பெரணிகளில் குளிர் பட்டாலே ஒதுங்கும். ஒரு இலைக்குள் இவ்வளவு நடக்கிறது, நாம் பாவம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஹரியானா வரை போய்ப் பாருங்கள், அதே குளிரில் கோதுமை பச்சையாக நிற்கிறது. உங்கள் வீட்டில் டிசம்பரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை அல்லவா? குளிர் தொடங்கியதும் கோதுமை தன் செல் சவ்வுகளின் கொழுப்பை, எளிதில் உறையாத நல்லெண்ணெய்ப் பக்கமாக நகர்த்திக்கொள்கிறது. 1992இல் ஜப்பானிய அறிவியலாளர் நோரியோ முராட்டாவின் குழு புகையிலையில் மரபணு வழியாக இந்தக் கொழுப்பை மாற்றி, செடியின் குளிர் தாங்கும் திறனைக் கூட்டியும் குறைத்தும் காட்டியது. துளசி வெப்பநாட்டுச் செடி. அதற்குக் கோதுமையின் தயாரிப்பு வராது.

சரி, இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். காலையில் இலையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும்வரை திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் வெளியே வையுங்கள். அப்பா புல்லை எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.