உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: சீலியாக் நோயுள்ள என் மகள் இறால் சான்ட்விச் கேட்டாள். 'மைதா இல்லை, பல தானியம்' என்று அச்சிட்டிருந்த ரொட்டியில் செய்து கொடுத்தேன், அன்றிரவே வயிற்றுவலி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்களை ஏமாற்றியது ரொட்டியின் உறை. மைதாவும் கோதுமையிலிருந்து வருவதுதான். அதை விலக்கி முழுக்கோதுமை மாவைச் சேர்த்தாலும், கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ளதும் சீலியாக் நோயாளிகளின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாததுமான குளூட்டன் என்ற புரதம் அப்படியே இருக்கும், அத்தகைய ரொட்டி உப்பி வருவதற்காகக் குளூட்டனைத் தனியாகச் சேர்ப்பதும் உண்டு. முன்பக்கத்தில் கம்புக் கதிரையும் கேழ்வரகையும் படமாகப் போட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலில் கோதுமையை முதலாவதாக எழுதும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டு மனம் கொதிக்கிறேன். சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பதும், கோதுமை, பார்லி போன்றவை இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாகத் தனியே குறிக்க வேண்டும் என்பதும் விதி. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும் பொருளைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க முடியாது. அந்த எச்சரிக்கை விடுபட்டிருந்தால் உறையை எறிந்துவிடாமல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

வெளிநாட்டுக் குளூட்டனில்லா ரொட்டி ஒன்றை நானும் பெருவிலை கொடுத்து வாங்கினேன். கத்தி பட்டதும் உதிர்ந்தது, விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆகவே வீட்டிலேயே செய்யுங்கள். அரிசி மாவு 200 கிராம், மரவள்ளி மாவு 100 கிராம், இசப்கோல் உமி 15 கிராம், உப்பு ஆகியவற்றை வெந்நீர் விட்டுப் பிசைந்து, கால்மணி நேரம் ஊறவைத்துத் தோசைக்கல்லில் கனமாகத் தட்டிச் சுடுங்கள். குளூட்டன் தரும் பிடிப்பை இசப்கோல் ஓரளவு ஈடுசெய்யும். சப்பாத்தி சுட்ட கல்லானால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இறாலின் முதுகு நரம்பை நீக்கி, மஞ்சள், மிளகுத்தூள், உப்பு சேர்த்து நல்லெண்ணெயில் சில நிமிடங்கள் மட்டும் வதக்கித் தேங்காய்த் துவையலோடு உள்ளே வையுங்கள். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்.

கேள்வி: உறைந்த நண்டுக் குச்சிகளைச் சான்ட்விச்சில் வைக்கலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். அவற்றில் பொதுவாக அரைத்த மீனும் மாவுச்சத்தும்தான் இருக்கும், அந்த மாவுச்சத்து கோதுமையாகவும் இருக்கலாம். கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள். நல்ல நண்டை வாங்கி அவித்து உதிர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரொட்டிக்கான அரிசியைத் தெரு மில்லில் அரைக்கலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: கோதுமை அரைக்கும் இயந்திரமானால் கூடாது.

கேள்வி: குளூட்டன் இருக்காது என்று நினைத்து மீன் கட்லெட் மூன்று பொட்டலம் வாங்கினேன். மேலே ரொட்டித்தூள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. பில்லும் உறையும் இல்லை. பணம் கிடைக்குமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கிடைக்காது. உறையைப் படிக்காமல் வாங்கி, பில்லையும் தொலைத்துவிட்டு என்னிடம் வழி கேட்பதில் பயனில்லை.

கேள்வி: குளூட்டனில்லா ரொட்டியைப் பிரித்த உடனே பூஞ்சை தெரிந்தது, தேதி முடியவில்லை. பில் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடையில் விரட்டுகிறார்கள்.
- வாசகி, திருச்செந்தூர்

பதில்: உங்களை விரட்ட அவர்களுக்கு உரிமையில்லை, அம்மா. பில்லில் காலக்கெடு எதுவும் குறிக்கப்படாவிட்டால், பழுதான பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரொட்டியையும் உறையின் தேதியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து மூலம் பணம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது.