பேட்டரியே இல்லாத கேஸ் லைட்டரில் தீப்பொறி எப்படி வருகிறது?

'டக்' என்று அமுக்கும் லைட்டருக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங், குட்டிச் சுத்தியல், ஒரு பீங்கான் துண்டு, அவ்வளவுதான். அமுக்கும்போது ஸ்பிரிங் இறுகி, சட்டென விடுபட்டு, சுத்தியல் அந்தத் துண்டை ஓங்கி அடிக்கும். அந்த ஒரே அடியில் பல ஆயிரம் வோல்ட் உண்டாகும். நுனியில் உள்ள சிறு இடைவெளியை அது தாண்டும்போது தெரிவதுதான் பொறி.

சரி, அடித்தால் ஏன் மின்சாரம் வர வேண்டும்? அழுத்தும்போது படிகத்தின் அணுக்கள் இம்மியளவு நகரும். சாப்பாட்டு உப்பில் எல்லாப் பக்கமும் ஒரே சீரான அமைப்பு என்பதால் நேர், எதிர் மின்னூட்டங்கள் அப்போதும் சமனாகவே இருக்கும். குவார்ட்ஸ் என்ற கனிமப் படிகத்தில் அந்தச் சீர்மை இல்லை. ஒரு முகத்தில் நேர், எதிர்முகத்தில் எதிர் மின்னூட்டம் சேர்ந்துவிடும். 1880இல் பிரான்சில் ழாக், பியர் கியூரி சகோதரர்கள் இதைக் கண்டறிந்தார்கள். லைட்டரில் குவார்ட்ஸுக்குப் பதில் பெரும்பாலும் லெட் சிர்கோனேட் டைட்டனேட் என்ற பீங்கான் இருக்கும்.

எனக்கு இதைவிட அழகாகத் தெரிவது தலைகீழ் விளைவு. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும். கைக்கடிகாரத்தில் கவட்டை வடிவக் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று, அதாவது ஒரு நொடி!

அப்புறம், ஸ்கேன் சென்டரில் வயிற்றில் வைக்கும் கருவி இரண்டையுமே செய்யும்: அதிர்ந்து மீயொலி அனுப்பும், திரும்பி வரும் எதிரொலியை மின்சாரமாக்கும்.

இதை வைத்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாமா என்றால், முடியாது. வோல்ட் அதிகம், ஆற்றல் மிகக் குறைவு.