துணியில் தைக்கும் ஒளி சென்சார்: கேள்வி பதில்

கே: சைக்கிள் ஜாக்கெட்டில் இருட்டியதும் எல்இடி எரிய வேண்டும். ஃப்ளோரா போர்டும் (துணியில் தைக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) டிஎஸ்எல்2561 ஒளி சென்சாரும் இருக்கின்றன. எப்படித் தைப்பது?

ப: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டிஏ (தகவல்), எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) என நான்கு இணைப்புதான். போர்டில் அதே பெயருள்ள துளைகளுக்குத் தனித்தனியாக, மின்சாரம் கடத்தும் ஸ்டீல் நூல் ஓட்டுங்கள். ஒவ்வொரு துளையிலும் மூன்று நான்கு சுற்று இறுக்கித் தைக்க வேண்டும். தளர்ந்தால் கையை அசைக்கும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டு வரும். முடிச்சில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். அது காய்ந்ததும் மிச்ச நூலை ஒட்ட வெட்டிவிடுங்கள். பக்கத்துத் துளையை ஒரு பிசிறு தொட்டாலும் ஷார்ட்தான். சென்சார் தோளின் மேல் வானத்தைப் பார்த்து இருக்கட்டும். இந்தச் சிப்புக்கு 3.6 வோல்ட்தான் வரம்பு, 5 வோல்ட் கொடுக்காதீர்கள்.

கே: சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்தியைக் கணினியில் காட்டும் ஜன்னல்) 'சென்சார் இல்லை' என்று வருகிறது.

ப: பேட்டரியைக் கழற்றிவிட்டு, நான்கு நூலையும் ஒன்றோடொன்று மல்டிமீட்டரால் பாருங்கள். எங்கு பீப் கேட்டாலும் அங்கே பிசிறு இருக்கிறது. அடுத்து எஸ்டிஏ, எஸ்சிஎல் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐ2சி ஸ்கேனர் ஓட்டுங்கள்; எஸ்டிஏ, எஸ்சிஎல் நூல்களில் இருக்கும் சென்சாரின் முகவரியைத் தேடிச் சொல்லும் நிரல் அது. டிஎஸ்எல்2561-இன் முகவரி ஹெக்ஸில் (16-அடிமான எண்ணில்) 39. சிப்பின் முகவரிக் காலை (முகவரியைத் தீர்மானிக்கும் பின்னை) கிரவுண்டில் கட்டியிருந்தால் 29, 3.3 வோல்ட்டில் கட்டியிருந்தால் 49.

கே: எனக்கும் 'சென்சார் இல்லை'. என்னுடையது பிஎச்1750 என்ற வேறு ஒளி சென்சார்.

ப: முகவரி 23 அல்லது 5சி. மற்றதெல்லாம் மேலே உள்ளதுதான். மிச்ச நூலை வெட்டினீர்களா?

கே: இருட்டில் எல்இடி மினுக்மினுக்கென்று அணைந்து அணைந்து எரிகிறது.

ப: உங்கள் எல்இடியின் வெளிச்சத்தையே சென்சார் படிக்கிறது. எரிய ஒரு எல்லை, அணைய ஒரு எல்லை வையுங்கள்: 20 லக்ஸுக்குக் (வெளிச்சத்தின் அலகு) கீழே எரியட்டும், 60-ஐத் தாண்டினால் அணையட்டும். எல்இடியின் ஒளியே 60-ஐ எட்டினால், சென்சாரைத் தள்ளித் தையுங்கள்.

கே: இதற்கு எதற்கு டிஜிட்டல் சென்சார்? எல்டிஆரும் (வெளிச்சம் பட்டால் தடை குறையும் உறுப்பு) 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போதாதா? எல்டிஆர் மனிதக் கண்ணைப் போலவே பச்சை ஒளியை நன்றாக உணரும்.

ப: கண் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. துணியில் சிக்கல் நூலிலிருந்து வருகிறது.

கே: எல்டிஆரின் தடை கிலோ ஓமில் இருக்கிறது. நூலின் சில ஓம் என்ன செய்துவிடும்?

ப: எல்இடியும் எல்டிஆரும் ஒரே கிரவுண்ட் நூலைப் பகிர்ந்தால் நிறையவே செய்யும். நூல் 30 ஓம், எல்இடி 20 மில்லி ஆம்பியர் என்றால் அந்த நூலில் 0.6 வோல்ட் ஏறும். ரெசிஸ்டர் கிரவுண்ட் பக்கம் இருந்தால், இருட்டில் எல்டிஆரின் தடை மிக அதிகம் என்பதால் அந்த 0.6 வோல்ட் ஏறக்குறைய முழுதாக, வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிசிக்குப் போகும். 3.3 வோல்ட், 10 பிட்டில் (0 முதல் 1023 வரை) அது சுமார் 186. போர்டு வெளிச்சம் வந்ததாக எடுத்துக்கொண்டு எல்இடியை அணைக்கும். டிஜிட்டல் சென்சார் ஒளி அளவை 0, 1 என்ற பிட்டுகளாக அனுப்புவதால், இதே 0.6 வோல்ட்டை ஃப்ளோரா 0 பிட் என்றே படிக்கும்.

கே: எல்டிஆருக்குத் தனி கிரவுண்ட் நூல் ஓட்டினால்?

ப: அப்போது எல்டிஆர் தாராளமாகப் போதும். டிஜிட்டல் சென்சாருக்கும் தனி கிரவுண்டே நல்லது. லக்ஸ் எண் வேண்டும், அல்லது இரண்டு ஜாக்கெட்டுகள் ஒரே அளவில் எரிய வேண்டும் என்றால் எல்டிஆர் சரிப்படாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

கே: வெயிலில் அளவு ஏறாமல் நிற்கிறது.

ப: டிஎஸ்எல்2561 சுமார் 40,000 லக்ஸ் வரைதான், நேர்வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 1, ஒளியை அளக்கும் நேரம் 13.7 மில்லி செகண்ட் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் வீஇஎம்எல்7700 ஒளி சென்சார் வாங்குங்கள்.

கே: துவைக்கலாமா?

ப: பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கையால் அலசுங்கள், பிழியாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரியைத் திரும்ப மாட்டுங்கள்.